சகலை இறக்கிய தொட்டிகள்

ஜெனிஷின் கன்டெய்னர் ஏதேதோ கடல் தாண்டி வந்து, கடைசியில் ராசையாவின் பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. எண்ணூர் நெடுஞ்சாலையில் அது அதிசயமில்லை. துறைமுகத்துக்குள் போகிற டிரெய்லர்களும் வெளியே வருகிற டிரெய்லர்களும் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி நாள் கணக்கில் கிடக்கும். டிரைவர்கள் வண்டிக்கடியிலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குவார்கள், துணி காயப்போடுவார்கள். முந்தின நாள் மத்தியானம் வந்து நின்ற அந்தச் சிவப்பு கன்டெய்னர் இன்று காலை ராசையா பூட்டைத் திறக்க வந்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் நேராகப் பட்டறைக்குள் பார்த்தபடி இருந்தது.

டிரைவர் பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டு வந்தான். ராசையா குழாயைக் காட்டிவிட்டு, பேச்சுக்குத்தான் கேட்டார்.

"என்ன சரக்கு?"

"குப்பத்தொட்டி சார். ஃபாரின் குப்பத்தொட்டி. கனி இம்பெக்ஸ்னு ஒரு பார்ட்டி இறக்கிருக்காங்க."

கனி இம்பெக்ஸ். கனி அவருடைய கொழுந்தியாள். இம்பெக்ஸ் அவள் புருஷன் ஜெனிஷ்.

உள்ளேயிருந்து பகலவன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். வியாசர்பாடிக்காரன். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து மோல்டிங் மெஷின் அவன் கையில்தான் ஓடுகிறது.

"அண்ணாச்சி, இன்னா பொகை இது? பிளாஸ்டிக் நாத்தத்துல கூட மூச்சு வுட்டுகினு கெடந்துடுவேன், இதுல முடில. எஞ்சின ஆஃப் பண்ணச் சொல்லு."

"சொல்லிப் பாரேன்."

"சொல்லிட்டேன். லைன் நவுந்தா வேற வண்டிக்காரன் பூந்துடுவானாம். அப்டி இன்னாதான் கீது உள்ள?"

"குப்பத்தொட்டி."

பகலவன் சிரித்துவிட்டான். "குப்ப கொட்றதுக்கா அம்மாம் தூரத்துலேந்து கொண்ணாந்துகிறான்? அப்ப நாம இங்க இன்னாத்த அச்சிக்கினு கீறோம்?"

அவன் சிரித்தபடியே உள்ளே போய்விட்டான். ஆனால் அந்தச் சிரிப்பு ராசையாவின் வயிற்றில் விழுந்து, ஏற்கெனவே அங்கே கனன்றுகொண்டிருந்ததை நன்றாக ஊதிவிட்டது.

ராசையாவுக்கு உடன்குடிப் பக்கம். ராயபுரத்தில் மாமாவின் மளிகைக் கடையில் நின்று, அந்த வீட்டிலேயே பெண்ணெடுத்து, பிறகு திருவொற்றியூரில் இந்தப் பட்டறையைப் போட்டவர். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் பெண்கள் பொறுக்கித் தரம் பிரித்துக் கொடுக்கும் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து, உருக்கி, வாளியாகவும் கப்பாகவும் குடமாகவும் ஊற்றுவதுதான் தொழில். அப்படி ஊற்றும்போது பட்டறையைச் சுற்றி ஒரு நாற்றம் எழும். பக்கத்துத் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்ததும் உண்டு. 'ஊர்க் குப்பையத்தான் திரும்பவும் ஊருக்குப் பயன்படுத்தித் தாரேன்' என்று அவர்களிடம் சொல்வார். சொல்லும்போது உண்மையாகவே அவருக்குப் பெருமையாக இருக்கும்.

ஜெனிஷை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். மார்த்தாண்டத்திலிருந்து வேலை தேடி வந்த கிறிஸ்தவப் பையன், கனியைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்டபோது, மாமியார் ஆவுடையம்மாள் 'அவன் நிழல் என் வாசப்படியில விழப்பிடாது' என்று சொல்லிவிட்டாள். ராசையாதான் பட்டறை மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். பாத்திரம் பண்டம் வாங்கிப் போட்டார். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்சி ஒன்றில் சொல்லி வேலையும் வாங்கித் தந்தார். ஜெனிஷ் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, "அண்ணாச்சி, நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பிப்பான். ராசையா, "விடுப்பா" என்பார். அவர் வாழ்க்கையிலேயே மிக நிறைவாக இருந்த காலம் அதுதான் என்று இப்போது நினைத்தால் தோன்றும். விடுப்பா என்று சொல்லக் கிடைத்த காலம்.

பிறகு ஜெனிஷ் சொந்தமாக இறக்குமதி தொடங்கினான். மாடி அறையைக் காலி செய்தான். கார் வாங்கினான். நிழல் விழக்கூடாது என்ற ஆவுடையம்மாள் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அதே காரின் முன் சீட்டில் உட்கார்ந்து வடிவுடையம்மனைப் பார்க்கப் போகிறாள். இருபது வருஷ மருமகனான ராசையா அவளை ஸ்கூட்டரில்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அப்போதெல்லாம் இடுப்பு வலிக்கிறது என்பாள். காரில் போனால் வலிப்பதில்லை.

இதையெல்லாம்கூட அவர் விழுங்கிக்கொண்டிருப்பார். தொட்டி விஷயம்தான் தொண்டையில் நின்றது. சுற்றுவட்டாரத்துத் தொழிற்சாலைகள் சில சேர்ந்து சுற்றுச்சூழலுக்கென்று ஓர் அறக்கட்டளை வைத்திருந்தன. காத்திவாக்கம் பக்கத்துத் தெருக்களில், குப்பையைப் பிரித்துப் போட மூன்று மூன்று தொட்டிகளாக வைப்பது என்று அது முடிவு செய்தபோது, ராசையா தூக்கமில்லாமல் மாதிரி செய்தார். அச்சு சிறியதாக இருந்ததால் இரண்டு பாதியாக ஊற்றி ஒட்ட வேண்டியிருந்தது. மறு உருக்கு பிளாஸ்டிக் என்பதால் பச்சை, பச்சையாக வரவில்லை. சாணியும் சாம்பலும் கலந்தாற்போல் வந்தது. மூடி லேசாக வளைந்தது. ஆனாலும் தொட்டி தொட்டிதான். மேலே ஏறி நின்றாலும் தாங்கும். அதைத் தூக்கிக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனபோது ஜெனிஷும் கூடவே வந்தான். அங்கிருந்த அதிகாரி ஒரு விரலால் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபினிஷ் பத்தாது" என்றார். திரும்பி வரும் வழியில் ஜெனிஷ், "எனக்கு நல்லாத்தான் தெரியுது அண்ணாச்சி" என்றான். கொஞ்ச நாள் கழித்து, அதே தொட்டிகளை வெளிநாட்டிலிருந்து இறக்கித் தரும் ஆர்டர் ஜெனிஷுக்குப் போயிருப்பது தெரிந்தது. 'அவங்க முன்னாடியே ஃபாரின் கம்பெனி புக்கைப் பாத்து முடிவு பண்ணி வச்சிருந்தாங்க அண்ணாச்சி. நான் இல்லேன்னா பம்பாய்க்காரன் ஒருத்தன் எடுத்திருப்பான்' என்று அவனே வீடு தேடி வந்து சொன்னான். உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்தால்தான் ராசையாவுக்குக் கூடுதலாக எரிந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"கப்பல் ஒண்ணு எம்புட்டு எண்ணெய் குடிக்கும்னு தெரியுமாட்டி உனக்கு? வாரக்கணக்குல கடல்ல வந்து, அப்புறம் நம்ம வாசல்ல நாள் முழுக்க எஞ்சினை ஓட்டிக்கிட்டு நின்னு... எதுக்கு? குப்பையப் பிரிச்சுப் போடதுக்கு! ஊரைச் சுத்தமாக்குதானுவளாம். பகலவன் காலையிலருந்து இருமிக்கிட்டுக் கெடக்கான்."

மனைவி ராமசெல்வி ரசத்தை ஊற்றினாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு எண்ணெயப் பத்திக் கவலையா, ஜெனிஷப் பத்திக் கவலையா?"

ராசையா கையை உதறி எழுந்துவிட்டார். கைகழுவும்போது அவருக்கே தெரிந்தது. சொன்னது சரிதான், சொன்ன வாய்தான் சரியில்லை. நாலு பேருக்கு முன்னால் நின்று சொன்னால் நியாயமாக ஒலிக்கும் ஒரு விஷயம், அவர் வாயிலிருந்து வரும்போது மட்டும் வயிற்றெரிச்சலாக ஒலித்தது. அதையும் ஜெனிஷ் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஜெனிஷ் போன் செய்தான். மணலிக்குப் போகும் வழியில் இருந்த கிடங்கில் கன்டெய்னரைத் திறக்கிறார்கள். அண்ணாச்சி கட்டாயம் வரவேண்டும். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். போனால் அந்தத் தொட்டிகள் நெஞ்சை அரிக்கும். ராசையா போனார்.

கதவைத் திறந்ததும் புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை ஒரு பெருமூச்சுபோல வெளியே வந்தது. அந்த வாசனையைக் கொண்டே கலப்படமில்லாத முதல் தரம் என்று ராசையாவால் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நுரை உறை. அதன்மேல் பாலிதீன் சுற்று. மூடிக்கும் சக்கரத்துக்கும் தாங்கிக்கும் தனித்தனி தெர்மாகோல் கூடு. மூன்று தொட்டிக்கு ஒரு மரச்சட்டம், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே மறுபடியும் தெர்மாகோல் பலகை. ஆட்கள் பிரிக்கப் பிரிக்க, தொட்டிகள் ஒரு பக்கம் வரிசையில் நின்றன. உரித்துப் போட்டது இன்னொரு பக்கம் வளர்ந்து, தொட்டிகளைவிட உயரமாகி, ஆள் உயரத்தையும் தாண்டிக் கூரையைத் தொடப் போனது. அத்தனை தொட்டியையும் வாய் வரை நிரப்பினாலும் அந்த மலையில் கால்வாசிகூட அடங்காது.

தொட்டிகள் அழகாகத்தான் இருந்தன. பச்சை, நீலம், மஞ்சள். உரித்த பழம் போன்ற மினுமினுப்பு. ராசையா யாரும் பார்க்காதபோது ஒரு மூடியை விரலால் தட்டிப் பார்த்தார். தடையில்லாத, வழவழப்பான ஒலி. தன் தொட்டியைத் தட்டினால் வரும் மொத்தையான சத்தம் அவருக்கு ஞாபகம் வந்தது. மஞ்சள் தொட்டியின்மேல் நீளக் கழுத்துள்ள பாட்டில் படம் ஒன்று ஒட்டியிருந்தது.

"இது சரக்கு பாட்டில் போட்ற தொட்டியா சார்?" என்று இறக்குகிற ஆள் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிஷும் சிரித்தான். பிறகு அவன் ராசையாவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணாச்சி, ஒரு உதவி. இந்தக் கழிவை நீங்கதான் ஒரு வழி பண்ணணும். உங்களுக்குத்தான் இந்த லைன்ல ஆள் தெரியும். எடுத்துக்கிட்டா பட்டறைக்கும் ஆகும்லா?"

நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். ராசையாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. தொட்டி எனக்கு, குப்பை உனக்கு.

"ஆகட்டும் தம்பி," என்றார். தன் குரல் அத்தனை சாந்தமாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாலிதீனைப் பட்டறைக்கு அனுப்பினார், அதை உருக்கலாம். மரச்சட்டத்தைச் சாத்தாங்காட்டில் இரும்புக்காரர் ஒருவர் கேட்டு எடுத்துக்கொண்டார். தெர்மாகோல்தான் நின்றது. அதை அவர் மெஷினும் தின்னாது, பொறுக்குகிற பெண்களும் தொடமாட்டார்கள். ஒவ்வொரு பலகையிலும் கனி இம்பெக்ஸ் என்று பெரிய கறுப்பு எழுத்து அச்சடித்திருந்தது. அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தொட்டி வழங்கும் விழா காத்திவாக்கத்தில், ஆற்றை ஒட்டிய மைதானத்தில் நடக்கப்போகிறது. மைதானத்துக்குத் திரும்புகிற பாலத்தடியில் இந்தப் பலகைகள் எழுத்து தெரியக் குவிந்து கிடந்தால்? வருகிற ஒவ்வொரு காரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். சுற்றுச்சூழல் அறக்கட்டளையின் ஆட்கள் சன்னலை இறக்கிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் சொன்னால்தானே வயிற்றெரிச்சல், அதுவே சொல்லட்டும்.

விழாவுக்கு முந்தின நாள் உச்சி வெயிலில், பட்டறைக்குச் சரக்கு ஏற்றும் அமீரின் மீன்பாடி வண்டியில் தெர்மாகோலை ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி நிறைய வெள்ளையாக, கனமே இல்லாமல், ஒரு மேகத்தைக் கட்டி இழுத்துப் போவதுபோல் போனது. பாலத்தடியில் நிறுத்தியதும் அமீர் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அண்ணாச்சி, இங்கியா? ஆடிக் காத்து தெரியும்ல. கெளம்புச்சின்னா மொத்தமும் ஆத்துல பூடும். எறா தடவறவங்க கீறாங்க."

"நாளைக்குக் காலையில விழா முடிஞ்சதும் நானே எடுத்துருவேன். போடு."

"பேஜாராயிடும் அண்ணாச்சி."

"போடுடே."

எழுத்துள்ள பக்கம் சாலையைப் பார்க்கும்படி பலகைகளை அவரே ஒவ்வொன்றாக நிறுத்திவைத்தார். கடைசியில் இரண்டு கல்லைத் தூக்கி மேலே வைத்தார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார். சன்னல் கதவு அடித்துக்கொண்டதையும் ராமசெல்வி எழுந்து போய்க் கொக்கி போட்டதையும் பாதித் தூக்கத்தில் கேட்டார். அது என்ன காற்று என்று அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

காலையில் ராமசெல்வியோடு மைதானத்துக்குப் போனபோது பாலத்தடியில் ஒன்றுமே இல்லை. இரண்டு கற்கள் மட்டும் இருந்தன. ராசையா ஸ்கூட்டரை மெதுவாக்கினார்.

"என்ன பாக்கீங்க?" என்றாள் ராமசெல்வி.

"ஒண்ணுமில்ல."

ஜெனிஷ் எடுத்துவிட்டிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தார். இதிலும் முந்திக்கொண்டான் என்று எரிச்சல் வந்தது. மைதானத்தில் பந்தல். மேடைக்கு முன்னால் மூன்று நிறத்திலும் தொட்டிகள் அணிவகுத்து நின்றன. ஆவுடையம்மாள் முதல் வரிசையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். கனி ஓடிவந்து, "அத்தான், வாங்க, முன்னாடி உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் பின்னால் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அறக்கட்டளைத் தலைவர் பூமியைப் பற்றிப் பேசினார். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுப்போகும் பூமி என்றார். ஜெனிஷுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆவுடையம்மாள் கைதட்டினாள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் குனிந்து, "என் மருமவன்" என்று அவள் சொன்ன உதட்டசைவு ராசையாவுக்குப் பின்வரிசையிலிருந்தே தெரிந்தது.

அப்போதுதான் ஆற்றுப் பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். மார்பளவு நனைந்திருந்தார்கள். சேலையிலிருந்து சேறு வடிந்தது. ஆற்றில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். அந்தக் கூடைகள் இப்போது அவர்கள் கையில் இருந்தன. தலைமுடியிலும் புருவத்திலும் கழுத்திலும் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் ஒட்டியிருந்தன. தூரத்திலிருந்து பார்க்க, கல்யாண வீட்டில் அட்சதை போட்டு அனுப்பியதுபோல் இருந்தது. முன்னால் வந்தவள் மேடைக்குக் கீழே நின்று, கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சேற்றுத் தண்ணீரோடு வெள்ளை உருண்டைகள் கொட்டின. நடுவே நாலைந்து இறால் துள்ளின.

"ராஜாத்தி, இன்னா இது, தகராறு பண்ணாத," என்று யாரோ அவளைத் தடுத்தார்கள்.

"நானா தகராறு பண்றேன்? காலைல இருந்து கைய வுட்டா இதான் வருது. சேத்துல இது, வேர்ல இது, வாயத் தொறந்தா வாயில இது. ஆத்த ரொப்பி வச்சிகிறானுங்க. யாரு பண்ணாங்கன்னு கேக்கத்தான் வந்தோம்." பின்னால் நின்றவளிடமிருந்து உடைந்த பலகை ஒன்றை வாங்கி உயர்த்திக் காட்டினாள். "இதுல இங்கிலீஷ்ல பேரு கீது. படிச்சவங்க யாராச்சும் படிச்சு சொல்லுங்க."

யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே எழுத்துதான் மேடையின் பின்னால் பதாகையிலும் இருந்தது.

தலைவர் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராசையாவின் உடம்பில் முதலில் ஓர் இனிப்பு பரவியது. அதை அவர் மறுக்க முடியாது. காத்திருந்து காத்திருந்து கிடைத்த ஒன்றை வாயில் போட்ட உடனே ஊறுகிற இனிப்பு. ஜெனிஷின் முகத்தைப் பார்க்க எக்கினார். அடுத்த கணம் ராஜாத்தியின் இமையில் ஓர் உருண்டை ஒட்டிக்கொண்டு, அவள் கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம் மேலும் கீழும் போவதைப் பார்த்தார். இனிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஜெனிஷ் கூட்டத்தைப் பார்த்தான். அவன் கண் வரிசை வரிசையாகத் தேடி ராசையாவிடம் வந்து நின்றது. இப்போது சொல்வான், என்று அவர் நினைத்தார். சொல்லிவிட்டால்கூட நல்லது. எல்லோருக்கும் முன்னால் விரலை நீட்டி, அதோ உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம்தான் கொடுத்தேன் என்று அவன் சொன்னால், அவன் சின்னவனாகிவிடுவான். தான் எழுந்து நின்று அவனைத் திட்டலாம். பழையபடி எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடும்.

ஜெனிஷ் கண்ணை எடுத்துக்கொண்டான்.

"என் சரக்குல வந்ததுதாம்மா," என்றான் ராஜாத்தியிடம். மைக் அதையும் பிடித்துப் பந்தல் முழுக்கச் சொன்னது. "நான்தான் ஒழுங்காப் பாத்திருக்கணும். பாக்கல. என் தப்புதான்."

பொன்னாடையை எடுத்து நாற்காலியில் போட்டான். மேடையிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நடந்தான். "எங்கய்யா போற? உனுக்கு சேறு பழக்கமில்ல, உள்ள இட்டுகினு பூடும்," என்று ராஜாத்தி கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். அவன் நிற்கவில்லை. கிடங்கில் வேலை செய்கிற ஆட்கள் எழுந்து போனார்கள். பிறகு பந்தலில் பாதிப் பேர் எழுந்தார்கள். கனி தன் புதுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

ராசையாவும் போனார். கால்கள் தாமாகப் போயின.

ஆற்றின் அந்த முகம் அவர் இதுவரை பார்த்திராதது. கரையோரப் புதர்களின் வேர்களெல்லாம் நுரைத்துக்கொண்டதுபோல் வெளுத்திருந்தன. பலகைகள் இரவெல்லாம் காற்றிலும் பாலத்துத் தூணிலும் அடிபட்டுப் பொடிப்பொடியாக நொறுங்கி, ஏறி இறங்கிய தண்ணீரோடு எல்லா மூலைக்கும் போயிருந்தன. ஆட்கள் கையால் அள்ளினார்கள். அள்ள அள்ள உருண்டைகள் விரலுக்கு விலகி ஓடின. முழங்கால் சேற்றில் நின்ற ஜெனிஷிடம் ராஜாத்தி தன் ஓலைக்கூடையைக் கொடுத்தாள்.

"கையால அள்ளுனா ஒதுங்கிக்கும்யா. கூடைய சாச்சி மெதுவா வாரு. ஆங், அப்டித்தான். நல்லா கத்துக்கினியே."

சற்று முன் அவனை அடிக்க வந்தவள். இப்போது அவள் குரலில் கோபம் பாதிதான் இருந்தது. மீதியில் ஒரு பிரியம் ஏறியிருந்தது. ராசையா அதைக் கேட்டார். இத்தனைக்கும் பிறகு, இந்தச் சேற்றில் நின்றுகொண்டு, அந்தக் கூடை தன் கைக்கு வரவில்லையே என்று அவருக்கு இருந்தது. அந்த நினைப்பைப் பார்த்து அவரே வெட்கினார். வெட்கியும் அது போகவில்லை. செய்தது அவர். அதற்கான தண்டனையைக்கூட ஜெனிஷ் எடுத்துக்கொண்டுவிட்டான்; எடுத்துக்கொண்டு, அதிலும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

கரையைத் திரும்பிப் பார்த்தார். ராமசெல்வி அங்கே தனியாக நின்றிருந்தாள். எல்லோரும் ஜெனிஷைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்த பார்வை. காலையில் பாலத்தடியில் ஸ்கூட்டர் மெதுவானதிலிருந்தே தெரிந்திருக்கும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னும் ஆழத்துக்குப் போனார். அவள் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட வேண்டும்போல் இருந்தது.

ஜெனிஷ் கூடையோடு நகர்ந்து நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தான். மூச்சு வாங்கியது. சட்டையெல்லாம் சேறு.

"ஜெனிஷு," என்றார் ராசையா. "அது நான்..."

"விடுங்க அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னான். குரலில் குத்தல் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் இருவரும் வாரினார்கள். பிறகு அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நாலு மூடி வரும்போதே உடைஞ்சிருக்கு. சூட்டுலயோ என்னவோ, கீல் விட்டுப் போச்சு. ஸ்பேர் வேணும்னு போன் போட்டேன். அங்கருந்துதான் வரணுமாம். திரும்பக் கப்பல், திரும்ப கன்டெய்னர், திரும்ப இதே தெர்மாகோல்." கூடையைச் சாய்த்து வடித்தான். "உப்புக்காத்துல போகப்போக எல்லா மூடியும் போகும்னு தோணுது. நீங்க அடிச்சுத் தருவீங்களா அண்ணாச்சி? கலர் எப்படி இருந்தாலும் பரவால்ல. நான் அவங்ககிட்டப் பேசிக்கிடுதேன்."

இத்தனை மாதமாக அவர் கேட்க ஏங்கிய வார்த்தைகள் அவை. ராத்திரி படுக்கையில் இதற்குப் பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தார். 'இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா?' என்று தொடங்கும் அது. இப்போது வாயைத் திறந்தார். நாக்கில் உப்பும் சேறும்தான் இருந்தன.

"கையக் கழுவிட்டுப் பேசுவோம் தம்பி," என்றார் கடைசியில்.

"சரி அண்ணாச்சி."

ஜெனிஷ் நகர்ந்து போனான். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. யார் கைக்கும் அகப்படாத உருண்டைகள் வெள்ளைக் கோடாகச் சேர்ந்து, பாலத்தைத் தாண்டி முகத்துவாரத்தைப் பார்த்து மெதுவாக ஊர்ந்தன. ராசையா இரண்டு கையையும் குவித்துக் கொஞ்சம் அள்ளினார். கனமே இல்லை. ஈரத்தில் பளபளத்துக்கொண்டு, மீன்முட்டைபோல் உயிருள்ளதாகத் தெரிந்தன. பக்கத்தில் தண்ணீர் சின்னதாகச் சுழித்தது. விரல் நீள மடவை மீன்குஞ்சு ஒன்று மேலே வந்து, மிதந்த உருண்டை ஒன்றை வாயால் தொட்டுப் பார்த்தது. விட்டது. மறுபடி வந்தது. அவர் கையை அசைத்து விரட்டுவதற்குள் அதைக் கவ்விக்கொண்டு கலங்கலுக்குள் இறங்கிவிட்டது.

அவர் குவித்த கையோடு, அது இறங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.